அச்சாரமாகக் கிடைத்த ஆட்டம்: தென்னாப்பிரிக்கா கிரிக்கெட்டுக்குத் திரும்பிய கதை

1991 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. கல்கத்தா ஈடன் கார்டன்ஸ். 90,000-க்கும் அதிகமானோர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அரங்கத்துக்குள் தென்னாப்பிரிக்க அணி இறங்கியது. தலைவர் கிளைவ் ரைஸுக்கு அப்போது வயது 42. முதல்தர கிரிக்கெட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆடி, உலகின் தேர்ந்த ஆல்ரவுண்டர்களில் ஒருவர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் தன் நாட்டுக்காக அதிகாரபூர்வமான ஓர் ஆட்டம்கூட அதுவரை ஆடியதில்லை. நிலவில் கால் பதித்தபோது நீல் ஆம்ஸ்ட்ராங்குக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது என்று அந்தப் பயணத்தில் அவர் சொன்னார்.

ஆட்டத்தைப் பொறுத்தவரை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தென்னாப்பிரிக்கா 47 ஓவர்களில் 177 ரன். ஆலன் டொனால்ட் என்ற வெளிறிய முகத்து இளைஞர் 29 ரன்களுக்கு 5 விக்கெட் எடுத்து இந்தியாவைத் திணறடித்தார். 18 வயது சச்சின் டெண்டுல்கர் 62 ரன் எடுக்க, இந்தியா 3 விக்கெட் வித்தியாசத்தில் கரையேறியது. தோற்றவர்கள் முகத்திலும் சிரிப்பு இருந்தது.

அந்த நாளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். நிறவெறி ஒழிந்தது, விளையாட்டு திரும்பியது என்று இரண்டு வரியில் கதை முடிந்துவிடுகிறது. நாள்காட்டியைப் புரட்டினால் அது பொருந்தாது. ரைஸ் டாஸ் போடச் சென்ற அன்று தென்னாப்பிரிக்காவின் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை இல்லை. புதிய அரசியல் சட்டத்துக்கான பேச்சுவார்த்தை மாநாடே அதற்கு அடுத்த மாதம்தான் தொடங்கியது. முதல் பொதுத் தேர்தல் நடக்க இன்னும் இரண்டரை ஆண்டுகள் இருந்தன. அதாவது, மாற்றம் நடந்து முடிந்ததற்குப் பரிசாகக் கிரிக்கெட் திரும்பவில்லை. வரப்போகிற மாற்றத்துக்காக முன்கூட்டியே கொடுக்கப்பட்டது. வீடு வாங்குகிறவர் பத்திரப் பதிவுக்கு முன் கையில் வைக்கிற அச்சாரம் போல. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், மீதிக் கணக்கு என்னவாயிற்று என்று பார்த்தால்தான் இந்தத் திரும்புதல் விளங்கும்.

முதலில், எங்கிருந்து திரும்பினார்கள்? 1970-ல் உலகம் கதவைச் சாத்தியது என்பது வழக்கமான விடை. உண்மையில் அதற்கு முன்பும் அந்த வீட்டின் கதவு பாதிதான் திறந்திருந்தது. உள்ளே இருந்தவர்கள்தான் அதைப் பாதி மூடி வைத்திருந்தார்கள். 1909-ல் சர்வதேச கிரிக்கெட் அமைப்பு உருவானபோது இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவுடன் தென்னாப்பிரிக்காவும் நிறுவன உறுப்பினர். 1889 முதல் 1970 வரை அந்த நாடு 172 டெஸ்ட்கள் ஆடியது. எல்லாம் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அணிகளோடு மட்டும். மேற்கிந்தியத் தீவுகள், இந்தியா, பாகிஸ்தான் அணிகளோடு ஒரே ஒரு டெஸ்ட்கூட இல்லை. 1961-ல் தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தை விட்டு வெளியேறியதால் அமைப்பின் உறுப்புரிமையே போயிற்று. அப்போதும் அந்த மூன்று நாடுகளும் ஒன்றுமே நடக்காதது போலத் தொடர்ந்து ஆடின. அவற்றை டெஸ்ட் என்றே எழுதிக்கொண்டன.

நிறவெறி சட்டமாவதற்கு அரை நூற்றாண்டு முன்பே இந்த வழக்கம் வேர்விட்டிருந்தது. 1892-ல் கேப் டவுன் வந்த இங்கிலாந்து வீரர்கள், மலாய் சமூகத்தைச் சேர்ந்த க்ரோம் ஹென்ட்ரிக்ஸ் என்ற வேகப்பந்து வீச்சாளரைக் கண்டு வியந்தார்கள். 1894-ல் தென்னாப்பிரிக்க அணி முதன்முறையாக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியபோது, அந்த ஹென்ட்ரிக்ஸின் பெயர் பட்டியலில் இல்லை. கேப் காலனியின் ஆட்சி பீடத்தில் அப்போது சிசில் ரோட்ஸ் இருந்தார்.

இந்தியா இந்த விவகாரத்தில் எல்லோருக்கும் முந்திக்கொண்ட நாடு. நேட்டாலில் இந்தியர்கள் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் முடக்கும் சட்டம் வந்த 1946-லேயே தென்னாப்பிரிக்காவுடன் வணிக உறவைத் துண்டித்தது. இந்தியக் கடவுச்சீட்டு தென்னாப்பிரிக்கா செல்லச் செல்லாது என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. விளையாட்டில் அதற்குக் கொடுத்த விலையும் சிறியதல்ல. 1974-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டிக்கு இந்தியா தகுதி பெற்றது. சென்னைச் சகோதரர்கள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் உச்சத்தில் இருந்த காலம். எதிரணி தென்னாப்பிரிக்கா. ஆட மாட்டோம் என்று இந்தியா சொல்லிவிட்டது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இந்தியா இன்றுவரை டேவிஸ் கோப்பையை வென்றதில்லை என்பதை நினைத்தால், அந்த முடிவின் எடை புரியும்.

கதவு முழுவதுமாக மூடிக்கொண்டதற்கு ஒரு மனிதரின் பெயர் காரணமாக நிற்கிறது: பாசில் டொலிவேரா. கேப் டவுனில் சிக்னல் குன்றுச் சரிவில் வளர்ந்தவர். அரசு வகுத்த பிரிவுகளின்படி 'கலப்பினத்தவர்'. எவ்வளவு நன்றாக ஆடினாலும் தன் நாட்டு அணியில் இடமில்லை. இங்கிலாந்தின் வானொலி வர்ணனையாளர் ஜான் ஆர்லட்டுக்குக் கடிதம் எழுதினார். ஆர்லட் முயன்று லங்காஷயரில் ஒரு கிளப்பில் இடம் பிடித்துக் கொடுக்க, 1960-ல் கப்பலேறினார். 1966-ல் இங்கிலாந்துக்காகவே டெஸ்ட் ஆடத் தொடங்கினார்.

1968-ம் ஆண்டு ஆகஸ்ட். அந்தக் குளிர்காலத்தில் இங்கிலாந்து தென்னாப்பிரிக்கா செல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஓவல் டெஸ்ட்டில் வேறொருவர் விலகியதால் கடைசி நேரத்தில் வாய்ப்புப் பெற்ற டொலிவேரா 158 ரன் குவித்தார். அதற்கு மேல் ஒரு மட்டையாளர் என்ன செய்ய முடியும்? ஆனாலும் சில நாள்களில் வெளியான பயண அணியில் அவர் பெயர் இல்லை. கிரிக்கெட் காரணம் மட்டுமே என்றார்கள் தேர்வாளர்கள். இங்கிலாந்தே கொதித்தது. செப்டம்பர் நடுவில் டாம் கார்ட்ரைட் காயம் காரணமாக விலக, அவர் இடத்தில் டொலிவேரா சேர்க்கப்பட்டார். கார்ட்ரைட் பந்துவீச்சாளர், டொலிவேரா முதன்மையாக மட்டையாளர். ஒரு காயத்துக்கு இப்படி ஒரு மாற்று என்பதே தேர்வாளர்களின் முந்தைய வாதத்தைப் பொய்யாக்கியது. மறுநாள் புளூம்ஃபொன்டைனில் பேசிய பிரதமர் ஜான் வோர்ஸ்டர், இது கிரிக்கெட் அணியல்ல, நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தின் அணி, இதை ஏற்க முடியாது என்றார். பயணம் ரத்தானது. இதற்கிடையில், பயணத்துக்குத் தான் வரப்போவதில்லை என்று அறிவித்தால் கைநிறையச் சம்பளத்தில் பயிற்சியாளர் வேலை தருவதாக டொலிவேராவிடம் ரகசியத் தூது வந்திருந்ததும் பின்னர் வெளிப்பட்டது.

வோர்ஸ்டர் செய்த பெரும் பிழை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 'விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்' என்று அதுவரை தென்னாப்பிரிக்காவுக்காக வாதாடிய பழமைவாத ஆங்கிலேயர்களின் வாயை அவரே அடைத்துவிட்டார். இன்னொரு நாட்டின் அணியில் யார் இருக்க வேண்டும் என்று ஓர் அரசாங்கம் கட்டளையிட்ட பிறகு, அரசியலைக் கலந்தது யார் என்று யாரும் கேட்கத் தேவை இருக்கவில்லை.

1970 தொடக்கத்தில் ஆஸ்திரேலியா தென்னாப்பிரிக்கா வந்து 4-0 என்று நசுங்கித் திரும்பியது. அலி பாக்கர் தலைமையிலான அந்த அணியில் டர்பனில் 274 அடித்த கிரேம் போலக், நான்கே டெஸ்ட்களில் 508 ரன் குவித்த பேரி ரிச்சர்ட்ஸ், மைக் புராக்டர் எல்லாரும் இருந்தார்கள். மார்ச் 10-ம் தேதி போர்ட் எலிசபெத்தில் தொடர் முடிந்தது. அடுத்த 22 ஆண்டுகளுக்கு அந்த நாட்டுக்கு டெஸ்ட் இல்லை. அதே ஆண்டு இங்கிலாந்துப் பயணம், பீட்டர் ஹெய்ன் என்ற இருபது வயது மாணவர் முன்னின்று நடத்திய போராட்டத்தால் அரசின் வேண்டுகோளின்பேரில் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியப் பயணத்தையும், அங்கே வாரியத் தலைவராக இருந்த டான் பிராட்மன் நிறுத்தினார். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1971 ஏப்ரலில், நியூலாண்ட்ஸ் மைதானத்தில் ஒரு காட்சி: புராக்டர் ஒரே ஒரு பந்து வீசினார், உடனே வீரர்கள் எல்லாரும் வெளியேறினார்கள். திறமை மட்டுமே அளவுகோலாக இருக்க வேண்டும் என்று ஓர் அறிக்கை கொடுத்துவிட்டுத் திரும்பிவந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அவர்கள் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒரு பந்தின் நேரம் வரை நீடித்த கிளர்ச்சி அது.

ரிச்சர்ட்ஸுக்கு நான்கு டெஸ்ட், புராக்டருக்கு ஏழு, போலக்குக்கு 23 டெஸ்ட்டில் 60.97 சராசரி. இந்த 'தொலைந்த தலைமுறை' பற்றிய ஏக்கத்தைக் கிரிக்கெட் எழுத்தில் எங்கும் பார்க்கலாம். எனக்கும் ரிச்சர்ட்ஸ் இன்னும் நூறு டெஸ்ட் ஆடியிருந்தால் என்ற ஆசை உண்டு. ஆனால் அந்த ஏக்கத்தில் பாதியாவது வின்சென்ட் பார்ன்ஸ் என்ற பெயருக்குப் போய்ச் சேர வேண்டும். கேப் பகுதியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர். வெள்ளையர் அல்லாதவர்களின் வாரியம் நடத்திய போட்டிகளில் 300-க்கும் மேற்பட்ட விக்கெட்டுகள், சராசரி 12-க்கும் கீழே. நகராட்சித் திடல்களில் ஆடப்பட்ட அந்த ஆட்டங்களுக்கு முதல்தர அந்தஸ்து கிடைத்தது பல காலம் கழித்துத்தான். பிற்காலத்தில் தென்னாப்பிரிக்க அணிக்குப் பந்துவீச்சுப் பயிற்சியாளரானார். வீரராக ஒரு நாளும் ஆடவில்லை. ரிச்சர்ட்ஸை உலகம் நான்கு முறையாவது பார்த்தது.

பார்ன்ஸ் ஆடிய வாரியம்தான் இந்தக் கதையின் மறக்கப்பட்ட பாத்திரம். 1977-ல் வெள்ளையர் வாரியம், 'இனி எல்லோரும் ஒரே குடையின் கீழ்' என்று ஓர் இணைப்பை முன்வைத்தது. ஒரு பகுதியினர் போனார்கள். ஹசன் ஹோவா தலைமையில் மற்றவர்கள் மறுத்தார்கள். "இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இல்லை" என்பது ஹோவாவின் முழக்கம். சனிக்கிழமை சேர்ந்து ஆடிவிட்டு, மாலையில் ஒருவன் வெள்ளையர் பகுதிக்கும் மற்றவன் சேரிக்கும் தனித்தனி ரயில் பெட்டியில் திரும்புவதில் என்ன ஒற்றுமை என்பதே அதன் சாரம். மறுக்க முடியாத வாதம். அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் அவர்களுடைய பிள்ளைகள்: நல்ல ஆடுகளம் இல்லை, பயிற்சி இல்லை, பணம் இல்லை.

பணம் மறுபக்கம் கொட்டியது. 1980-களில் தடையை மீறிய 'கலக அணிகள்' ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1982-ல் கிரஹாம் கூச் தலைமையில் இங்கிலாந்து வீரர்கள். மூன்று ஆண்டு தடை. அதே ஆண்டு இறுதியில் பந்துல வர்ணபுர தலைமையில் ஓர் இலங்கை அணி. இலங்கை தன் முதல் டெஸ்ட்டை ஆடி ஓராண்டுகூட ஆகவில்லை. நாட்டின் முதல் டெஸ்ட் தலைவரே அந்த அணிக்கும் தலைவர். திரும்பியதும் 25 ஆண்டு தடை. பிறகு லாரன்ஸ் ரோ தலைமையில் மேற்கிந்தியர்கள் வந்தார்கள். தலைக்கு ஒரு லட்சம் டாலர் அளவுக்குப் பேசப்பட்டதாகச் செய்தி. கறுப்பின வீரர்கள், நிறவெறி நாட்டில், 'கௌரவ வெள்ளையர்' என்ற அடைமொழியோடு. ஊர் திரும்பியவர்களில் பலருக்கு வாழ்நாள் தடை மட்டுமல்ல, அண்டை வீட்டாரின் முகமும் இல்லாமல் போயிற்று. இந்தச் செலவை ஏற்ற நிறுவனங்களுக்கு அரசு வரிச்சலுகை தந்தது. ஆக, வரிப் பணத்தில் வாங்கிய எதிரணிகள் அவை. இவற்றை ஏற்பாடு செய்தவர் பழைய தலைவர் அலி பாக்கர்.

அதே பாக்கர்தான் மனம் மாறினார் என்பது கதையின் திருப்பம். 1990 ஜனவரியில் மைக் கேட்டிங் தலைமையில் கடைசிக் கலக அணி வந்து இறங்கியது. இம்முறை களம் வேறாக இருந்தது. தேசிய விளையாட்டுக் காங்கிரஸின் கிரிஷ் நாயுடு முன்னின்று திரட்டிய போராட்டங்கள் விமான நிலையத்திலேயே தொடங்கின. ஓட்டல் ஊழியர்கள் அணிக்குப் பரிமாற மறுத்தார்கள். போன ஊரெல்லாம் கூட்டம். இந்த நடுவில், பிப்ரவரி 2-ம் தேதி அதிபர் டி கிளர்க் நாடாளுமன்றத்தில் எழுந்து, நிறவெறியை எதிர்த்துப் போராடிய மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் மீதான தடையை நீக்குவதாக அறிவித்தார். பிப்ரவரி 11-ல் நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து நடந்து வெளியே வந்தார். உலகமே அந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, கேட்டிங்கின் ஆட்டத்தைப் பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள்? பயணம் சுருக்கப்பட்டது, இரண்டாம் கட்டம் கைவிடப்பட்டது. கறுப்பின மக்களின் கோபத்தின் ஆழம் அதுவரை தனக்குத் தெரியவில்லை என்று பாக்கர் பிறகு ஒப்புக்கொண்டார்.

இனி அச்சாரத்துக்கு வருவோம். இரு வாரியங்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தவர் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஸ்டீவ் ட்ஸ்வெட்டே. ராபன் தீவில் பல ஆண்டுகள் சிறையிலிருந்தவர். சிறைக்குள்ளேயே ரக்பி ஆட்டங்கள் நடத்தியவர். அவர் கட்சியின் கணக்கு எளிமையானது, கூர்மையானது. வெள்ளையர்கள் அதிகாரத்தை விட்டுக்கொடுக்கப் போகிறார்கள். விட்டுக்கொடுப்பதற்கு ஈடாக அவர்கள் கண்ணெதிரே ஏதாவது தெரிய வேண்டும். சுங்கத் தடை நீங்குவது சாதாரண மனிதனுக்குத் தெரியாது. தொலைக்காட்சியில் தன் நாடு ஆடுவது தெரியும். இருபது ஆண்டுகளாக எந்தத் தடை அவர்களை அதிகம் உறுத்தியதோ, அதையே இப்போது தூண்டிலாகப் போடலாம்.

எல்லாம் மளமளவென்று நடந்தன. 1991 ஜூனில் மக்களை நிறவாரியாகப் பதிவுசெய்யும் சட்டம் நீக்கப்பட்டது. ஜூன் 29-ல் இரு வாரியங்களும் இணைந்து தென்னாப்பிரிக்க ஐக்கிய கிரிக்கெட் வாரியம் பிறந்தது. தலைவர் ஜெஃப் டேக்கின். துணைத் தலைவர், எதிர்த்தரப்பில் பல்லாண்டு போராடிய டர்பன்காரர் கிரிஷ் மெக்கர்தூஜ். நிர்வாக இயக்குநர் பாக்கர். பதினொரே நாளில், ஜூலை 10-ம் தேதி, லார்ட்ஸில் கூடிய சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அந்நாட்டை மீண்டும் சேர்த்துக்கொண்டது. அதே நாளில்தான் அமெரிக்காவும் தன் பொருளாதாரத் தடைகளை நீக்கியது. தென்னாப்பிரிக்காவைச் சேர்க்க வேண்டும் என்று முன்மொழிந்த நாடு இந்தியா. 1946-ல் முதலில் கதவடைத்தவர் கையாலேயே திறக்கப்பட்டால்தான் மற்றவர்களுக்கு மறுப்புச் சொல்ல இடமிருக்காது என்பது ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்குத் தெரிந்திருந்தது.

1992 உலகக் கோப்பையில் இடம் உண்டா என்பது அப்போதும் தொங்கலில் இருந்தது. மேற்கிந்தியர்களின் முன்னாள் தலைவர் கிளைவ் லாயிட் ஜோகன்னஸ்பர்க் வந்து மண்டேலாவைச் சந்தித்தபோது, செய்தியாளர் ஒருவர் அதைக் கேட்டார். ஆட வேண்டியதுதான், அதில் என்ன சந்தேகம் என்ற பொருளில் மண்டேலா பதில் சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதும். அக்டோபரில் ஷார்ஜாவில் கூடிய கவுன்சில் இடம் ஒதுக்கியது.

எல்லோருக்கும் இந்த வேகம் பிடிக்கவில்லை. ஹோவாவின் வழியில் வந்தவர்கள், வாக்குரிமை வரும் முன் எதற்கு ஆட்டம் என்று கேட்டார்கள். மேலே இருப்பவர்கள் கைகுலுக்கிக்கொண்டால் கீழே திடல்களும் பள்ளிகளும் ஒன்றாகிவிடுமா என்றும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை, நேரமும் இல்லை. பாகிஸ்தான் அணியின் இந்தியப் பயணம் ரத்தாகிவிட, பாகிஸ்தான் வரக்கூடாது என்ற எதிர்ப்பில் பம்பாயில் ஆடுகளம் தோண்டப்பட்ட அந்த அக்டோபரில், காலியான தேதிகளை நிரப்பத் தென்னாப்பிரிக்காவுக்கு இந்தியா அழைப்பு அனுப்பியிருந்தது. சில நாள்களுக்குள் அணி திரட்டப்பட்டுத் தனி விமானம் புறப்பட்டது.

ஆடுவதற்குத் தேர்வான அனைவரும் வெள்ளையர். அனுபவம் பெறட்டும் என்று நான்கு இளைஞர்களையும் கூட அழைத்து வந்திருந்தார்கள்: ஃபயிக் டேவிட்ஸ், ஹுசேன் மனாக், டெரிக் குரூக்ஸ், ஹான்சி குரோனியே. இருவர் வெள்ளையர், இருவர் அல்லாதவர். நால்வரில் வெள்ளையர் இருவரும் பிற்காலத்தில் நாட்டுக்காக ஆடினார்கள். ஒருவர் தலைவரே ஆனார். மற்ற இருவரும் ஆடவில்லை. இதை ஒரு சதி என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே விமானத்தில் ஏறிய நால்வரின் பாதை பிரிந்த விதத்தில், அதன்பின் வந்த முப்பது ஆண்டுகளின் சுருக்கம் இருக்கிறது.

டம்டம் விமான நிலையத்திலிருந்து வழியெங்கும் கல்கத்தா திரண்டு நின்றது. நிறவெறிக்கு எதிராக ஊர்வலம் போன இடதுசாரி நகரம் அது. அன்னை தெரசாவைச் சந்தித்தார்கள். குவாலியரில் நம் ஸ்ரீகாந்த் 68 அடிக்க, இந்தியா இரண்டாம் ஆட்டத்தையும் வென்றது. டெல்லியில் சாஸ்திரியும் மஞ்ச்ரேக்கரும் சதமடித்து இந்தியா 287 எடுத்தபோது ஆட்டம் முடிந்தது என்றே தோன்றியது. வெசல்ஸ் 90, பீட்டர் கிர்ஸ்டன் 86, கைப்பர் 63 என்று அடித்து, இரண்டே விக்கெட் இழப்பில் அந்த இலக்கைத் துரத்தி முடித்தார்கள். ஒரு பக்கக் குறிப்பு: இந்தத் தொடரைத் தங்கள் நாட்டில் ஒளிபரப்ப உரிமை யாரிடம் வாங்குவது என்று பாக்கர் கேட்ட பிறகுதான், ஒளிபரப்பு உரிமை விலை போகும் சரக்கு என்பதே இந்திய வாரியத்துக்கு உறைத்தது. அதுவரை தூர்தர்ஷனுக்கு வாரியம் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்றைய ஐபிஎல் கோடிகளின் ஊற்றுக்கண்களில் ஒன்று அந்த விசாரிப்பு.

ரைஸுக்கு அந்த மூன்று ஆட்டங்களே எல்லாம். உலகக் கோப்பைக்கு அவரைச் சேர்க்கவில்லை. தலைமை கெப்லர் வெசல்ஸுக்குப் போனது. தடைக்காலத்தில் ஆஸ்திரேலியாவுக்காக 24 டெஸ்ட் ஆடியவர். 1992 பிப்ரவரி 26-ல் சிட்னியில் அந்த ஆஸ்திரேலியாவையே 9 விக்கெட் வித்தியாசத்தில் வீழ்த்தி, ஆட்டமிழக்காமல் 81 எடுத்து நின்றார். உடைமாற்றும் அறைக்குள் வந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டவர் ஸ்டீவ் ட்ஸ்வெட்டே. முன்னாள் ராபன் தீவுக் கைதியும், டச்சு வழிவந்த வெள்ளையரான ஆப்பிரிக்கானர் அணித் தலைவரும் தழுவிக்கொண்ட அந்தப் படம் ஊரெங்கும் போனது. அச்சாரம் வேலை செய்யத் தொடங்கிய கணம் என்று அதைச் சொல்லலாம்.

ஏனென்றால் அதே வாரங்களில் ஊரில் வேறோர் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பிப்ரவரியில் போட்செஃப்ஸ்ட்ரூம் இடைத்தேர்தலில் டி கிளர்க்கின் கட்சி தோற்றது. பேச்சுவார்த்தையைத் தொடரலாமா என்று வெள்ளை வாக்காளர்களிடமே கேட்டுவிடுவதாக அவர் அறிவித்தார். நாள் மார்ச் 17. உலகக் கோப்பையின் நட்ட நடுவில். 'வேண்டாம்' வென்றால் அணி பாதியில் ஊர் திரும்ப வேண்டியிருக்கும் என்பது வெளிப்படையாகவே பேசப்பட்டது. 'வேண்டும்' தரப்பின் பிரசாரத்தில் கிரிக்கெட்டும் இருந்தது. ஜான்டி ரோட்ஸ் அந்தரத்தில் பாய்ந்து இன்சமாமை ரன் அவுட் ஆக்கியது மார்ச் 8. இந்தியாவை வென்று அரையிறுதியை உறுதி செய்தது மார்ச் 15. இரண்டு நாள் கழித்து 68.7 சதவீதத்தினர் 'வேண்டும்' என்று வாக்களித்தார்கள். கிரிக்கெட்தான் இதைச் சாதித்தது என்று சொன்னால் அது ரசிகனின் மிகை. பொருளாதாரச் சரிவும் உள்நாட்டுப் போர் பற்றிய அச்சமும் பெரிய காரணங்கள். ஆனாலும் தனிமைப்பட்டிருப்பது என்றால் என்ன, திரும்பி வந்தால் எப்படியிருக்கும் என்பதை வாக்குச் சாவடிக்குப் போகும் முன் கண்ணால் காட்டியது அந்த அணி.

மார்ச் 22-ல் இங்கிலாந்தோடு நடந்த அரையிறுதியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்: தென்னாப்பிரிக்கா வெல்ல 13 பந்துகளில் 22 தேவை, மழை, பிறகு ஒரு பந்தில் 21. அந்த மழை விதியைத் திட்டித் தீர்த்தாயிற்று; இன்னொரு முறை வேண்டாம். ஓவர்களை மெதுவாக வீசி இங்கிலாந்தின் இன்னிங்ஸை 45 ஓவரோடு நிறுத்தியது தென்னாப்பிரிக்காதான் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஏப்ரலில் பார்படோஸ். 22 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் டெஸ்ட். மேற்கிந்தியத் தீவுகளோடு வரலாற்றிலேயே முதல் டெஸ்ட். அரங்கம் ஏறக்குறையக் காலி. தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான புறக்கணிப்பு அல்ல. தங்கள் ஊர்க்காரர் ஆண்டர்சன் கம்மின்ஸை அணியில் எடுக்கவில்லை என்ற கோபம். உலக வரலாற்றைவிட உள்ளூர்ப் பையன் பெரிது. ஆண்ட்ரூ ஹட்சன் அறிமுக டெஸ்ட்டில் 163 அடித்தார். கடைசி நாள் காலை 201 என்ற இலக்கில் 122-க்கு 2 என்று வலுவாக இருந்தவர்கள், ஆம்ப்ரோஸும் வால்ஷும் சுழற்றியடித்ததில் 26 ரன்களுக்குள் எட்டு விக்கெட்டையும் பறிகொடுத்து 148-ல் சுருண்டார்கள்.

நவம்பரில் இந்தியா அங்கே போனது. டர்பன் கிங்ஸ்மீடில் முதல் டெஸ்ட் 13-ம் தேதி தொடங்கியது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல், கரும்புத் தோட்டக் கூலிகளாக ஒப்பந்தம் செய்யப்பட்டவர்களை 1860 நவம்பர் 16-ல் முதன்முதலில் இறக்கிய ஊர் அது. அவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த மைதானத்தில் தனியாகப் பிரிக்கப்பட்ட பகுதியில் உட்கார்ந்து, எப்போதும் வெளிநாட்டு அணிக்கே கைதட்டியவர்கள். இப்போது வந்திருந்த வெளிநாட்டு அணி அவர்கள் முகச்சாயலில் இருந்தது. பிரவீண் ஆம்ரே அறிமுகத்தில் சதமடித்தார். மூன்றாம் நடுவர் என்ற ஏற்பாடு முதன்முதலாக வந்ததும், அதற்கு முதல் பலியாக டெண்டுல்கர் ரன் அவுட் ஆனதும் இங்கேதான். தென்னாப்பிரிக்க அணியில் அறிமுகமானவர்களில் ஒருவர் ஒமர் ஹென்றி. வெள்ளையர் அல்லாதவர், வயது 40.

மீதிக் கணக்குக்கு வருவோம். 1994-ல் மண்டேலா அதிபரானார். ட்ஸ்வெட்டே விளையாட்டு அமைச்சரானார். 1998 நவம்பரில் மேற்கிந்தியத் தீவுகள் முதன்முறையாக டெஸ்ட் தொடருக்கு அங்கே வந்தபோது, முதல் டெஸ்ட்டில் தென்னாப்பிரிக்காவின் பதினொருவரும் வெள்ளையர். இப்படிப்பட்ட அணியை ஆதரிப்பது தனக்குக் கடினம் என்று வெளிப்படையாகச் சொன்னவர், ஆறு ஆண்டு முன்பு வெசல்ஸைக் கட்டித் தழுவிய அதே ட்ஸ்வெட்டே. அந்த ஆண்டு மார்ச்சில்தான் முதல் கறுப்பின ஆப்பிரிக்க டெஸ்ட் வீரராக மகாயா நிடினி அறிமுகமாகியிருந்தார். அவர் நூறு டெஸ்ட்டுக்கு மேல் ஆடி, 390 விக்கெட் எடுத்து ஓய்வு பெற்றார். 2020-ல் பேசினார்: அணிப் பேருந்தில் தன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், அதனால் பையை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு ஓட்டலுக்கும் மைதானத்துக்கும் ஓடியே போய்வந்தேன் என்று. அவருடைய உடற்தகுதி என்று அத்தனை காலமும் வர்ணனையாளர்கள் புகழ்ந்த ஓட்டம் அது. அடுத்த ஆண்டு வாரியம் அமைத்த விசாரணையில் பால் ஆடம்ஸ் உட்படப் பலர் சாட்சி சொன்னார்கள். 1991 ஜூனில் பதினொரு நாளில் தாண்டிப்போன கேள்விகள் முப்பது ஆண்டு கழித்து ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

அப்படியானால் அவசரப்பட்டது தவறா? என் கருத்தில் இல்லை. ஆயிரக்கணக்கானோர் அரசியல் வன்முறையில் செத்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. பேச்சுவார்த்தை முறியாமலிருக்கக் கையிலிருந்த எதையும் கொடுத்துப் பார்க்க வேண்டிய நிலை. தவறு, அச்சாரத்தையே முழுத்தொகை என்று எண்ணிக்கொண்டதில் இருந்தது. வெள்ளைத் தென்னாப்பிரிக்கா கிரிக்கெட் திரும்பியதும் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தது. ஹோவாவின் ஆட்கள் விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

டர்பனில் 1994 பிப்ரவரி 22-ல் ஒரு பையன் பிறந்தான். அனைவரும் வாக்களித்த முதல் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு. குடும்பத்தின் வேர் நாகப்பட்டினத்தில். பெயர் செனுரன் முத்துசாமி. தாத்தா காலத்தில் அந்த நாட்டு அணிக்கு ஆடுவது பற்றிய பேச்சே எழுந்திருக்காது. 2019 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில், இந்தியாவுக்கு எதிராகவே, தென்னாப்பிரிக்காவின் டெஸ்ட் தொப்பியை அணிந்தார். தானே வீசி, தானே பிடித்த முதல் விக்கெட் விராட் கோலி.